கால்படாத இடம்

1979-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி, வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்று ஐம்பது. அக்கினி நட்சத்திரம் கழிந்து நான்கு நாளாகியும் வெயில் அதை அறிந்ததாகத் தெரியவில்லை. காற்று நின்றுபோயிருந்தது. வானம் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. உத்திரமேரூர் ஏரியின் வற்றிய பரப்பிலிருந்து காய்ந்த சேற்றின் வாடை கரையேறி வந்து, தாண்டவராயன் வீட்டுக் கொட்டகைக்குள் புகுந்து அங்கேயே தங்கியது. கொட்டகையின் நிலைப்படிக்கு வெளியே, வெயிலில், ஞானசுந்தரி நின்றாள். உள்ளே நிழல் இருந்தது. ஆனால் தாண்டவராயனுக்கு இரண்டாந்தாரமாக வந்த இந்தப் பத்து ஆண்டுகளில் அவள் அந்த நிலைப்படியைத் தாண்டியதில்லை. இன்றைக்குத் தாண்டவேண்டிய காரணம் எதுவும் இருப்பதாக அவள் கருதவில்லை.

"இன்னாம்மா இது, வண்டியா, சாமி தேரா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் தாமோதரன். காஞ்சிபுரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். லாரி, டிராக்டர், கல்யாண ஊர்வலத்து விளக்கு என்று எதற்கும் பேட்டரி மாற்றிக் கொடுப்பார். எதைப் பார்த்தாலும் முதலில் சிரிப்பார். "சீட்டு மேல பொடவ மடிச்சு வெச்சிருக்கீங்க. கைப்பிடியில மஞ்சக் கயிறு கட்டியிருக்கீங்க. நான் செருப்ப வெளிய விட்டுட்டு வரணுமா?"

"விட்டுட்டு வந்தா நல்லது" என்றாள் ஞானசுந்தரி. அவர் சிரிப்பை நிறுத்திச் செருப்பைக் கழற்றி நிலைப்படிக்கு வெளியே வைத்தார்.

அது பெட்ரோல் அறியாத, பேட்டரியில் ஓடும் கார். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவருடைய பொருள்கள் சென்னையில் ஏலத்துக்கு வந்தபோது தாண்டவராயனின் தந்தை அதை எடுத்தார். அப்போதே அது பழையது. முன்னும் பின்னும் பெட்டி பெட்டியாக இரும்பு பேட்டரி செல்கள், நடுவில் மூன்று பக்கமும் வளைந்த கண்ணாடி. தூரத்திலிருந்து பார்த்தால் சக்கரம் முளைத்த கண்ணாடி விளக்கு என்றே தோன்றும். வட்டமான ஸ்டியரிங்குக்குப் பதிலாக ஒரு நீண்ட கைப்பிடி. அதை அசைத்தால் வண்டி திரும்பும். ஓடும்போது அதற்குச் சத்தமே கிடையாது. ஊரார் அதற்கு ஊமை வண்டி என்று பெயர் வைத்தார்கள். தாலுகாவில் வேறெந்தப் பெண்ணும் வண்டியோட்டிப் பார்த்திராத காலத்தில், தாண்டவராயனின் முதல் மனைவி பச்சையம்மாள் அதை ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிச்சென்று திரும்புவாள். மாடுகள் மிரள்வதில்லை. கரையில் நடந்துகொண்டிருப்பவர்கள், தங்கள் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் விழுந்த பிறகுதான் விலகுவார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாம் பிரசவத்தில் பச்சையம்மாளும் குழந்தையும் இறந்தார்கள். அதன் பிறகு அந்த வண்டியில் யாரும் ஏறவில்லை.

இப்போது அது ஓடவேண்டியிருந்தது. ஆனி பிறந்ததும் பச்சையம்மாளின் மகள் கண்ணகிக்குத் திருமணம். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில், மஞ்சள் குங்குமத்தோடு இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். ஆண்டுக்கொருமுறை ஆடி மாதத்தில் ஏரிக்கரைக்குப் போய்ப் பம்பையும் உடுக்கையும் அடித்து அவளைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அழைக்கப்பட்டவள் வந்தால், மஞ்சள் கலந்த ஏரித்தண்ணீர் நிரப்பிய கரகப்பானை இடுப்பில் கனக்கும். கனத்த பானையை வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுப்புடவை சாத்தி, படையலிட்டு, மறுநாள் அந்தத் தண்ணீரைக் கால்படாத இடத்தில் ஊற்றுவார்கள். அதோடு அவள் வந்த வழியே போய்விடுவாள் என்பது கணக்கு. வீட்டில் திருமணம் என்றால் அவளுக்குத் தனி அழைப்பு. அவள் வந்து அமராமல் தாலி ஏறாது.

மூன்று வாரங்களுக்கு முன் அவளிடம் உத்தரவு கேட்டார்கள். பம்பைக்காரர் கன்னியப்பன் கூடத்தில் சிறுபானை வைத்து உடுக்கையடித்தார். ஆட்டம் வந்தது கண்ணகிக்கு. கலைந்த கூந்தலோடு, அவளுடையதல்லாத நிதானமான குரலில், "நடந்து வரமாட்டேன். என் வண்டியிலதான் வருவேன்" என்றாள். கன்னியப்பன் கையை நிறுத்தாமல், "வண்டி ஓடாதே தாயே, பேட்டரி செத்துப்போச்சே" என்றார்.

"சாகல" என்றது அந்தக் குரல்.

இப்போது தாமோதரன் முன்பெட்டியின் மூடியைத் தூக்கியிருந்தார். மீட்டரின் இரண்டு கம்பிகளையும் செல்களின் மேல் வைத்தவர், எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். பிறகு மீட்டரையே கையில் தட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா ஓடலன்னு சொன்னீங்க?"

"பதினோரு வருஷம்."

"நடுவுல யாராவது சார்ஜ் ஏத்தினாங்களா?"

"கொட்டகையிலே கரண்டே இல்லை. வெட்டி விட்டாச்சு."

"அப்ப முள்ளு ஏன்மா ஆடிக்கினு கீது?"

அவர் குந்தி உட்கார்ந்து விளக்கினார். இது லாரியில் இருப்பதைப் போல ஆசிட் பேட்டரி அல்ல. இரும்பும் நிக்கலும் வைத்து, காஸ்டிக் மாதிரி ஒரு காரத்தில் ஊறப்போட்டது. "ரயில்வேல ஒரு தபா பாத்துக்கீறேன். இரும்பு பேட்டரிக்குச் சாவு கெடையாதும்மா. காரம் எங்கயும் போவாது, தண்ணி மட்டுந்தான் வத்தும். ஊத்திக்கினே இருந்தா இருந்துக்கினே இருக்கும். ஆனா ஊத்தணுமே!" அவர் ஒரு செல்லின் திருகுமூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். இன்னொன்றைத் திறந்தார். "தளும்பக் கீது. எல்லாத்துலயும் தளும்பக் கீது. யார் ஊத்தறாங்க?"

ரப்பர்க் குமிழ் பொருத்திய கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு அவர் உறிஞ்சினார். நிறமற்றிருக்க வேண்டிய திரவம் குழாயில் சிவப்பாக ஏறியது. தாமோதரன் குழாயைத் தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தார். "இன்னாம்மா இது, ரத்தங் கணக்கா?" என்றார். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

நிலைப்படிக்கு வெளியே நின்ற ஞானசுந்தரி எட்டிப் பார்த்தாள். அடுத்த கணம், அவள் கண்களுக்கு முன்பாக அவள் கைகள் அந்த நிறத்தை அறிந்துகொண்டன. எத்தனை மணமக்களுக்கு அவள் ஆரத்தி கரைத்திருக்கிறாள். தட்டில் மஞ்சள் நீர். அதில் சுண்ணாம்பைத் தொட்டுக் கலக்கினால் இதே சிவப்பு. மஞ்சள் காரத்தைத் தொட்டால் சிவக்கும். அந்தச் செல்களுக்குள் ஊற்றப்பட்டிருப்பது மஞ்சள் தண்ணீர்.

"மஞ்சள்" என்றாள்.

"இன்னாது?"

"ஒண்ணுமில்லை. நீங்க சொல்லுங்க."

தாமோதரன் கையைக் கழுவிவந்து சொன்னார். வழி ஒன்று: இந்த நாற்பது செல்களையும் கழற்றி அவரிடம் கொடுத்துவிடுவது. பதிலுக்குப் புதிய லாரி பேட்டரிகள் வரும். ஏரி வரைக்கும் என்ன, செங்கல்பட்டு வரைக்கும் போகலாம். வழி இரண்டு: செல்களை எடுத்துக் கவிழ்த்து, கழுவி, புதுக் காரம் ஊற்றுவது. ஆனால் அதை அவர் சிபாரிசு செய்யமாட்டார். "அடித்தகடு அரிச்சுப் போயிருக்கு. ஒக்காந்த எடத்துல ஒக்காந்திருக்கற வரைக்கும் ஒழுகாது. தூக்கினீங்க, போச்சு."

"இப்படியே விட்டு சார்ஜ் ஏத்தினா?"

"ஏறும்னுதான் தோணுது. ஆனா பாதி வழியில நின்னா என்னைத் திட்டக்கூடாது. இதுக்கெல்லாம் கேரண்டி குடுத்து என்னால பேஜார்ல மாட்டிக்க முடியாதும்மா."

"பழசை எடுத்துக்கிட்டுப் போனா, உள்ளே இருக்கற தண்ணியை என்ன செய்வீங்க?"

"கடைக்குப் பின்னால சாக்கடை கீது" என்றார் தாமோதரன்.

முடிவை எழுதிக் கையெழுத்தோடு தரவேண்டும் என்றார். வாய்ச்சொல்லை நம்பிச் சென்னையிலிருந்து பேட்டரி வரவழைத்து, ஊர்ப் பெரியமனிதர் ஒருவர் வேண்டாம் என்று திருப்பியனுப்பியதில் சூடு கண்டவர் அவர். நாளைக்கே வருவதாகவும் சொன்னார். சனிக்கிழமை இரும்பு வாங்குவதில்லை என்றாள் அவள். இன்றைக்கே பழசை ஏற்றிக்கொள்ளட்டுமா என்றார். வெள்ளிக்கிழமை வீட்டுப்பொருள் வெளியே போவதில்லை என்றாள். "ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு. திங்கட்கிழமை ராவு காலம் முடிஞ்சு வரேன். அதுக்குள்ள வேற எதுவும் நெனப்பு வந்துடாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொள்ள மறந்து சற்றுத் தூரம் போய்த் திரும்பிவந்து மாட்டிக்கொண்டார்.

தாண்டவராயன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொட்டகையைப் பார்த்த ஒரு சன்னல் உண்டு. அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது மூடியே இருக்கிறது. ஏன் என்று அவளும் கேட்டதில்லை.

"தண்ணி யார் ஊத்தறதுன்னு கேட்டாரு."

"யாரு?"

"பேட்டரிக்காரரு. எல்லாத்துலயும் தளும்பத் தளும்ப இருக்காம்."

அவர் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டார். சற்று நேரம் மூடிய சன்னலைப் பார்த்திருந்தார். அதற்கப்பால் இருப்பது தெரிவதைப் போல. "சுத்தமா எடுத்துக்கினு போவச் சொல்லு. புதுசு போடட்டும். கல்யாணம் முடிஞ்சா போதும். பழசெல்லாம் போவட்டும், சுந்தரி."

"முடிவு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம்."

"நீயே போடு. அந்த வண்டி விஷயத்துல என் கை வேணாம்."

பழசெல்லாம் போகட்டும் என்ற சொல் அவர் எழுந்து கை கழுவிய பிறகும் அங்கேயே இருந்தது. ஞானசுந்தரி இலையை மடித்தாள். பச்சையம்மாளைப்பற்றி அவர் தன்னிடம் பேசியது இந்தப் பத்தாண்டுகளில் மிகக் குறைவு. அந்தக் குறைவை அவள் தனக்குச் செய்யப்படும் மரியாதை என்றே இதுவரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் கண்ணகி மாடத்து அறையில் கூறைப்புடவைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். தாயைப் போலவே நீண்ட விரல்கள் என்று ஊரில் சொல்வார்கள்; ஞானசுந்தரி ஒப்பிட்டுப் பார்க்க வாய்த்ததில்லை. அவள் எதிரில் உட்கார்ந்தாள். சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் இருவருக்குமே இல்லை.

"கரகத்துத் தண்ணியை எங்கே ஊத்தறே?"

ஊசி நின்றது. "நீ சொன்ன எடத்துலதான், சித்தி."

"நான் எந்த இடமும் சொல்லலையே."

"சொன்னியே. மொத வருசம், பானைய என் கையில குடுத்து, திரும்பிப் பாக்காம போய்க் கால்படாத எடத்துல ஊத்திட்டு வான்னு சொன்ன. எனக்கு ஒம்போது வயசு. நான் வூடு பூரா சுத்திப் பாத்தேன். கெணத்தடி, தோட்டம், மாட்டுக் கொட்டாய், எல்லா எடத்துலயும் யார் காலாவது பட்டுக்கினே இருந்திச்சு." கண்ணகி நூலைப் பல்லால் கடித்தாள். "நம்ம வூட்டுல கால்படாத எடம் அது ஒண்ணுதான். அப்பா போவாது. வேலைக்காரங்க போவமாட்டாங்க. நீகூட கால வெக்கல."

ஞானசுந்தரி தன் பாதங்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மூடி தொறக்க உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

"அம்மாதான். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மூக்கு வெச்ச செம்புல மழத்தண்ணி எடுத்துக்கினு போயி ஒவ்வொண்ணுத்துக்கும் ஊத்தும். குடிக்குது பாருன்னு என்கிட்ட காட்டும்." அவள் நிமிர்ந்தாள். "அம்மா அங்கயேதான் கீது, சித்தி. எனக்குத் தெரியும். நீ பேட்டரிக்காரர்கிட்ட தூக்கிக் குடுக்கப் போறியா?"

"உங்க அப்பா அப்படித்தான் சொல்றாரு."

"நீ இன்னா சொல்ற?"

ஞானசுந்தரி தரையில் கிடந்த நூல்துண்டைப் பொறுக்கினாள். கண்ணகி மறுபடி ஊசியைக் கோத்தாள். மூன்றுமுறை நூல் காதில் நுழையவில்லை. "நான் போனப்புறம் யார் ஊத்துவாங்கன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். தூக்கிக் குடுத்துட்டா அந்தக் கவல இல்ல" என்றாள். பிறகு தைப்பதில் மும்முரமாகிவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் ஞானசுந்தரி ஏரி மதகடிக்குப் போனாள். கன்னியப்பன் பம்பையின் தோலை வெயிலில் காயவைத்து விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண அழைப்புக்கு இன்னும் நாளிருந்தும் தோல் ஏனோ தொய்ந்துவிட்டது என்று அதைத் திட்டிக்கொண்டுமிருந்தார்.

"வா தாயே. நாஷ்டா ஆச்சா? இன்னா இவ்ளோ தூரம்?"

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். கரகத்துத் தண்ணியை மண்ணிலே ஊத்தாம, ஒரு பெட்டியிலேயோ தொட்டியிலேயோ ஊத்தி மூடிட்டா என்ன ஆகும்?"

"எந்தப் புண்ணியவாளன் அப்டி செஞ்சான்?" கன்னியப்பன் சிரித்தார். "தண்ணி போற வழியிலதானே அவ போவா. மண்ணுல ஊத்தினா மண்ணு வழியா ஏரிக்குப் பூடுவா. தொட்டியில ஊத்தினா தொட்டியிலதான் குந்திக்கினு இருப்பா, பாவம். எங்க போவா?"

"மறு வருஷம் நீங்க கூப்பிடும்போது?"

"கூப்புட்டா எப்டி வருவா? மூடி போட்ட எடத்துல இருந்து..." அவர் சிரிப்பு மெல்ல நின்றது. விரல் தோலின் மேல் அசையாமலிருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார். "எத்தினி வருசம் தாயே?"

"முதல் வருஷத்திலேருந்து."

"அப்ப நான் இத்தினி வருசமா கரையில நின்னு அடிச்சு எழுப்பினது யார?"

வற்றிய ஏரியின் நடுவே கொஞ்சம் தண்ணீர் மட்டும் தகடு மாதிரி கிடந்தது.

"பானை கனத்துதா?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கனத்தது."

"எல்லா வருசமுமா?"

ஞானசுந்தரி யோசித்தாள். யோசிக்கவேண்டியிருந்தது என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. ஒவ்வோர் ஆடியிலும் கரகத்தை இடுப்பில் சுமந்துவந்தவள் அவள்தான். முதல் ஆண்டு பானை நிறைமாதக்காரியைப் போலக் கனத்தது. வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். மறு ஆண்டு அப்படியில்லை. ஓர் ஆண்டு சிறுபிள்ளையைத் தூக்கியதைப் போல இலேசாக, ஆனால் இடுப்பைவிட்டு நழுவி நழுவி இறங்கப்பார்த்தபடி இருந்தது. இன்னோர் ஆண்டு ஆடி வெயிலிலும் புடவையைத் தாண்டிச் சில்லென்று பட்டது. ஒருமுறை வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே வர மனமில்லாததைப் போல வாசற்படியில் பின்னுக்கு இழுத்தது. அப்போதெல்லாம் அவள் அதைப் பச்சையம்மாளின் மனநிலை என்று நினைத்தாள். மூத்தவளுக்கு இன்றைக்கு என்மேல் கோபம், இன்றைக்குச் சமாதானம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுமந்தாள்.

"வருஷத்துக்கு வருஷம் வேற மாதிரி" என்றாள்.

கன்னியப்பன் பம்பையைத் துணியால் மூடினார். "செத்து இந்த ஏரியில பூந்தவங்க கொஞ்சநஞ்சமா தாயே. எல்லாருக்கும் கூப்புட ஆளா கீறாங்க? புள்ள இல்லாதவ, பொறந்த வூட்டுக்கும் புகுந்த வூட்டுக்கும் ஆவாதவ. தன் பேர யாரும் சொல்லாத வூட்டுக்காரிங்க, பக்கத்துல எவ பேரையோ கூப்புடறாங்களேன்னு எழுந்து வந்திருப்பாங்க." பிறகு, மூடிய பம்பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "என்னைக் கேக்காத. நான் ஒண்ணியும் சொல்லல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் முடிவை எழுத முயன்றாள். தாமோதரன் விட்டுச்சென்ற தாளில் அவருடைய கடைப்பெயருக்குக் கீழே இடம் நிறைய இருந்தது. முதல் வழியை எழுதுவது எளிது. இரண்டு வாக்கியங்களில் அடங்கும். கணவர் விரும்புவதும் அதுவே. அப்படி எழுதினால் மூத்தவள் இந்த வீட்டைவிட்டுப் போய்விடுவாள். காஞ்சிபுரத்துச் சாக்கடை வழியாக, எந்த ஏரிக்கென்று தெரியாமல். ஞானசுந்தரிக்கு இடைஞ்சலாக இருந்த நிழல் ஒன்று நீங்கும். அது இடைஞ்சலாகத்தான் இருந்ததா என்று அவள் நேர்மையாக எண்ணிப்பார்த்தாள். பத்தாண்டுகள், முதல் பூ மூத்தவளுக்கு, முதல் புடவை மூத்தவளுக்கு. தன்னுடையது அதற்குப் பின். அதில் அவளுக்குப் பெரிய குறையொன்றும் இருந்ததில்லை. ஒரே வீட்டில் இரண்டாவதாக இருப்பதும் ஓர் இடந்தான்.

எழுதவிடாமல் அவளைத் தடுத்தது மூத்தவள் அல்ல, மற்றவர்கள். இலேசாக நழுவியவள், சில்லென்று பட்டவள், வாசற்படியில் தயங்கியவள். தங்கள் பெயரல்லாத பெயருக்கு எழுந்துவந்து, தங்களுக்கல்லாத புடவையை ஏற்றுக்கொண்டு, அந்தக் கண்ணாடி வண்டியின் இரும்புக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களில் யாரையும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவர்களுடைய நிலை தெரியும். அவளுக்குப் பிள்ளையில்லை. கணவருக்கு முன்பாக அவள் போனால், இந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்லிக் கரையில் நின்று அழைக்கப்போகிறவர் யார்? கண்ணகி வேறு வீட்டுப் பெண்ணாகியிருப்பாள். பழசெல்லாம் போகட்டும் என்று ஒருவர் சாப்பாட்டு இலையின் முன் சொல்லியிருப்பார். என்றைக்கோ ஓர் ஆடி மாதத்தில் யாருடைய பெயரையோ யாரோ கூப்பிடுவார்கள். அவளும் எழுந்துதான் வருவாள்.

உச்சிவேளையில் அவள் சாப்பாட்டுக் கூடத்துச் சன்னலின் தாழ்ப்பாளைத் தொட்டாள். துருவேறி இறுகியிருக்கும் என்று எதிர்பார்த்தாள். அது எண்ணெயிட்டதைப் போல எளிதாக நகர்ந்தது. கட்டையில், வழக்கமாக ஒருவர் முழங்கை ஊன்றுமிடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கணவர் வெள்ளிக்கிழமை அந்தச் சன்னலைப் பார்த்திருந்த விதம் அவளுக்கு நினைவு வந்தது. அவள் தாழ்ப்பாளைப் பழையபடி போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை ராகு காலம் முடிந்ததும் தாமோதரன் வந்தார். வாடகை வேன் ஒன்றைத் தெருவில் நிறுத்தியிருந்தார். பழைய செல்களை ஏற்றிச்செல்வதற்காக அதன் தரையில் சாக்குகளை விரித்திருந்தார். இம்முறை யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய், முன்பெட்டியின் மூடியைத் தூக்கி, திருகுகளுக்கு எண்ணெய் விடத் தொடங்கியிருந்தார். தாண்டவராயன் வயல்பக்கம் போயிருந்தார். கண்ணகி கொட்டகைக்கு எதிரே முற்றத்தில் நின்றிருந்தாள்.

ஞானசுந்தரி நிலைப்படிக்கு வந்து நின்றாள். வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். தரை எதிர்பார்த்ததைவிடக் குளிர்ந்திருந்தது. பத்தாண்டுத் தூசியில், கண்ணகியின் ஒற்றையடிப் பாதையையும் தாமோதரனின் தடங்களையும் விட்டு விலகி, அவளுடைய பாதம் தன் முழு வடிவத்தோடு பதிந்தது. அவள் வண்டியின் பக்கத்தில் போய்த் தாளை நீட்டினாள்.

"கழட்ட வேண்டாம்."

தாமோதரன் எண்ணெய்க் கையைத் தன் வேட்டியில் துடைத்தார். ஆனால் தாளை வாங்கவில்லை. குனிந்து, அவள் கையிலிருந்தபடியே அதை வாய்விட்டுப் படித்தார். "'இவ்வண்டியில் உள்ள நாற்பது செல்களையும் எடுக்கவோ கவிழ்க்கவோ வேண்டாம். இருந்தபடியே சார்ஜ் ஏற்றித் தரவும். வழியில் நின்றால் பொறுப்பு என்னுடையது. இனி இவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் என்னுடையது. தா. ஞானசுந்தரி.'" நிமிர்ந்தார். "இன்னாம்மா இது? வேன்லாம் கொண்ணாந்துக்கீறேன். அய்யாவுக்குத் தெரியுமா?"

"கையெழுத்து என்னைப் போடச்சொன்னவர் அவர்தான்."

முற்றத்தில் கண்ணகி சட்டென்று உட்கார்ந்துகொண்டது அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி, ஏத்தித் தரேன். கரண்டு கனெக்ஷன் இழுக்கணும், ரெண்டு நாள் ஆவும்." தாமோதரன் வண்டியின் உள்ளே, மஞ்சள் கயிறு கட்டிய கைப்பிடியைப் பார்த்தார். வழக்கமான சிரிப்பை வரவழைக்கப் பார்த்தார். அது பாதி வந்து நின்றது. "ஒண்ணு கேக்க மறந்துட்டேன். இத யார் ஓட்றது? அய்யாவுக்கும் தெரியாதுன்னீங்க. உங்களுக்கும் தெரியாது. அந்தம்மா ஒருத்தங்களுக்குத்தானே தெரியும்?"

"வரவங்க ஓட்டுவாங்க" என்றாள் ஞானசுந்தரி.

அவர் பெட்டியின் மூடியை இறக்கி வைத்தார். தாளுக்காகக் கையை நீட்டினார். அவள் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தாள். வண்டியின் வளைந்த கண்ணாடிகள் மூன்று பக்கத்திலிருந்தும் அவளை உள்ளே இழுத்துக்கொண்டன. முன்கண்ணாடியில் ஒருத்தி, பக்கக் கண்ணாடியில் இருவர், அதற்கப்பால் பின்கண்ணாடியில் மங்கலாகச் சிலர். எல்லோருக்கும் அவளுடைய புடவை, எல்லோர் கையிலும் நீட்டிய தாள். மடித்துவைத்த புதுப்புடவை ஒருத்தியின் மடியில் இருப்பதைப் போலத் தெரிந்தது. தாமோதரன் தாளைப் பற்றினார், அவள் விட்டாள். கண்ணாடிகளுக்குள் இருந்த பெண்களும் கைகளைத் தாழ்த்தினார்கள், ஒருத்தியைத் தவிர.